காது கேக்கலையா

டாக்டர் வைதேகி ஒரு காகிதத்தை எடுத்துக் காதைப் படமாக வரைந்து காட்டினார். வெளிக்காது, உள்ளே ஒரு சின்னச் சந்து, சந்து முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு ஜவ்வு. ஜவ்வுக்குப் பின்னால் காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பேனாவால் கிறுக்கி நிரப்பினார். அங்கே கோந்து மாதிரி கெட்டியாக நீர் கட்டியிருக்கிறது, இரண்டு காதிலும் இருக்கிறது, மூக்குக்குப் பின்னால் உள்ள சதையும் வீங்கிப்போய் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்.

"அப்ப இவளுக்கு எப்படித்தான் கேக்குது டாக்டர்?" என்று முத்துகிருஷ்ணன் கேட்டான்.

"தண்ணிக்குள்ள தலையை முக்கிக்கிட்டு, வெளியில நிக்கிறவங்க பேசறதைக் கேட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட அப்படி. சத்தம் வரும், வார்த்தை பிரியாது. ஒரு வருஷமாவே இப்படி இருந்திருக்கலாம்."

நாலரை வயது ஷண்முகப்ரியா அப்பாவின் மடியில் உட்கார்ந்து, மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் காதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு தன்னைப் பற்றியது என்பது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா சிந்து கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். டாக்டர் மூன்று மாதம் மருந்து கொடுத்துப் பார்க்கலாம், நீர் வடியாவிட்டால் ஒரு சின்ன ஆபரேஷன் செய்யலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதெல்லாம் அவளுக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சிந்து குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, முழங்காலிட்டு, காது முங்கும்வரை தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். கூடத்தில் முத்துகிருஷ்ணன் கடைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான். அவன் குரல் வந்தது. கனமாக, எங்கேயோ சுவருக்குள்ளிருந்து வருவதுபோல. கோபமாகப் பேசுகிறானா, சிரித்துப் பேசுகிறானா என்றுகூடத் தெரியவில்லை. மூச்சு முட்டும்வரை அப்படியே இருந்தாள். தலையைத் தூக்கியபோது, தான் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லும் வாசகம் நினைவுக்கு வந்தது. "ஏட்டி, கூப்பிடுதேன்லா, காது கேக்கலையா? செவிடா நீ?"

உடன்குடியிலிருந்து கல்யாணமாகி தி. நகருக்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது சிந்துவுக்கு. முத்துகிருஷ்ணன் வீட்டாரும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். அவன் அப்பா காலத்திலிருந்தே உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் நைட்டியும் உள்பாவாடையும் விற்கும் கடை. கடைக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் வீடு. அவன் காலையில் ஒன்பது மணிக்குப் போனால் திரும்ப இரவாகிவிடும். பிள்ளையோடு மல்லுக்கு நிற்பதெல்லாம் சிந்துதான்.

அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், மல்லுக்கு நிற்கிறோம் என்று. சம்மு என்று வீட்டில் கூப்பிடும் அந்தப் பெண் ஒரு வயதில் மழலையாகப் பேசியதெல்லாம் மூன்றரை வயதுக்குமேல் குறைந்துகொண்டே வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் வராது. டிவியை அலறவிட்டுப் பக்கத்தில் போய் நிற்கும். "செருப்பைக் கழற்று" என்றால் "பருப்பா?" என்று கேட்டுச் சிரிக்கும். கேலி செய்கிறது என்று சிந்துவுக்கு ரத்தம் கொதிக்கும். சளி அடிக்கடி பிடித்தது. ஆனால் இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குத்தான் சளி பிடிக்கவில்லை? பிடிவாதம், அப்பா வீட்டுப் பிடிவாதம் என்று ஊருக்குப் போனில் சொல்லி அலுத்துக்கொள்வாள்.

நான்கு முறை அடித்திருக்கிறாள். முதல் மூன்றும் முதுகிலும் தொடையிலும். நான்காவது தீபாவளிக்கு முந்தைய வாரம். துணி எடுக்க வந்த கூட்டத்தில் உஸ்மான் ரோடு நகர இடமில்லாமல் இருந்தது. சிந்து காய்கறிப் பையை மாற்றிப் பிடித்த ஒரு நொடியில் சம்மு கையை உருவிக்கொண்டு பலூன்காரனைப் பார்த்து ஓடினாள். "நில்லு, நில்லுட்டி" என்று சிந்து தொண்டை கிழியக் கத்தினாள். நடைபாதையில் போன அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சம்மு மட்டும் திரும்பவில்லை. ஒரு ஆட்டோ கிரீச்சிட்டு, குழந்தையின் பாவாடையை உரசினாற்போல நின்றது. ஆட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சிந்து பாய்ந்து போய்ப் பிள்ளையை இழுத்து, இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். கன்னம் என்று குறிவைத்தது காதோடு சேர்த்து விழுந்தது.

சம்மு உடனே அழவில்லை. அம்மாவின் வாயையே பார்த்தாள். அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள முயல்வதுபோல ஒரு பார்வை. பிறகுதான் உதடு பிதுங்கியது.

தீபாவளியன்று காலை தெருமுனையில் யாரோ பத்தாயிரம் வாலா ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். தெருவில் நின்ற பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. சம்மு இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, புகையைப் பார்த்துப் புன்சிரிப்போடு நின்றாள். பால்கனியிலிருந்து பார்த்த சிந்து முத்துகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அடுத்த நாளே டாக்டரைப் பார்க்க நாள் குறித்தார்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அடித்தாள். தீபாவளியன்று காது கேட்கவில்லை என்று தெரிந்தது. டாக்டர் ஒரு வருஷமாகவே என்று சொல்லியிருந்தாலும், சிந்துவின் மனம் அந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அடியால்தான் ஆயிற்றோ என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் முத்துகிருஷ்ணன் கூடவே இருந்தான். அடித்ததே அவனுக்குத் தெரியாது. பெண் பிள்ளைமேல் கை நீட்டக் கூடாது என்பது அவன் வீட்டில் பெரிய கொள்கை.

மருந்து கொடுத்த மூன்று மாதமும் சிந்து வேறு ஆளாக மாறியிருந்தாள். டாக்டர் சொன்னபடி சம்முவின் முன்னால் மண்டிபோட்டு, முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசினாள். கேட்டதெல்லாம் செய்துகொடுத்தாள். காலையில் தோசை வேண்டாம் என்றால் இட்லி, இட்லியும் வேண்டாம் என்றால் பூரி. இந்தச் சலுகையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று புரியாவிட்டாலும் சம்மு அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டாள். ஒன்று மட்டும் மாறவில்லை. தலை வாரவோ முகம் துடைக்கவோ சிந்து சட்டென்று கையை உயர்த்தினால், குழந்தையின் இடது தோள் தானாக மேலே ஏறிக் காதை மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் சிந்து அதைப் பார்த்தாள். வேறு யார் கண்ணிலும் அது பட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரியில் மறுபடி சோதித்துப் பார்த்தபோது நீர் அப்படியே இருந்தது. ஆபரேஷன் என்று முடிவாயிற்று. காது ஜவ்வில் பொடி ஓட்டை போட்டு நீரை உறிஞ்சிவிட்டு, நெல்மணியைவிடச் சின்னதாக ஒரு குழாயைப் பொருத்துவார்கள். மூக்குக்குப் பின்னால் வீங்கின சதையை எடுப்பார்கள். முக்கால் மணி நேரம். சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம்.

அடையாறில், மரங்கள் நிறைந்த ஒரு தெருவில் இருந்தது அந்த நர்சிங் ஹோம். காலையில் ஆறரை மணிக்கே ஆட்டோ பிடித்து, கோட்டூர்புரம் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எட்டரைக்கு என்று சொன்னது ஒன்பதாகி, ஒன்பதரையாகியது. முதல் நாள் இரவோடு சாப்பாடு நிறுத்தியாயிற்று. ஆறரைக்கு இரண்டு வாய் தண்ணீர், அத்துடன் சரி. சம்மு பச்சை நிற அங்கியைப் போட்டுக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்து, கட்டை விரலை வாயிடம் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் என்று அர்த்தம். சிந்து இல்லை என்று தலையாட்டினாள். ஏன் இல்லை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? பக்கத்துக் கட்டிலில் யாரோ இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சம்மு அதைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. அம்மா இல்லையென்று தலையாட்டினால் அழுது பயனில்லை என்று அவள் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று சிந்துவுக்குத் தோன்றியது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கலீமுல்லா வந்தார். நரைத்த தாடி, பையில் ஒரு பொம்மைத் தவளை. குழந்தை தூங்கும்வரை அப்பா அம்மாவில் ஒருவர் உள்ளே வரலாம் என்றார். நான் வருகிறேன் என்று சிந்து முந்திக்கொண்டாள்.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. சம்முவை நீளமான மேஜையில் படுக்க வைத்தார்கள். மேலே வட்ட வட்டமாக விளக்குகள். கலீமுல்லா தவளைக்கு முதலில் முகமூடியை வைத்து, அது தூங்கிப்போனதாக நடித்துக் காட்டினார். சம்மு பாதி நம்பினாள். முகமூடி தன்னிடம் வந்ததும் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள். சிந்து பதறி, நெற்றியைத் தடவிக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினாள்.

குழந்தை இரண்டு கையாலும் தன் கன்னங்களை மூடிக்கொண்டது.

முகமூடிக்குப் பயந்த பிள்ளை, அம்மாவின் கையைப் பார்த்ததும் முகமூடியை மறந்துவிட்டது. சிந்துவின் கை அந்தரத்தில் நின்றது. கலீமுல்லா அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். "காலைப் பிடிச்சுக்குங்கம்மா, போதும்," என்றார் மெல்ல. சிந்து சம்முவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அந்தப் பாதங்கள் முதலில் உதைத்தன, பிறகு தளர்ந்தன, பிறகு வெறுமனே இருந்தன.

வெளியே வந்தபோது முத்துகிருஷ்ணன் நடைவழியில் போட்டிருந்த பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தான். தூங்கிட்டாளா என்று கேட்டான். தூங்கிட்டா என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தொண்டைவரை வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"சிந்து, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்கு மண்டை வெடிச்சிரும்."

ஆடி மாதக் கடைசியில் சம்முவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். சிந்துவுக்கு அன்று காய்ச்சல். அவன் மட்டும் போயிருந்தான். வகுப்பு டீச்சர் சரண்யா அவனைத் தனியாக அழைத்து, பின்னாலிருந்து கூப்பிட்டால் உங்கள் குழந்தை திரும்புவதே இல்லை, எதற்கும் ஒரு தடவை காதைக் காட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு நேராகக் கடைக்குப் போனான். தள்ளுபடி விற்பனை நடந்துகொண்டிருந்த நேரம். அன்றைக்கு மறந்துபோயிற்று. இரண்டு நாள் கழித்து ஞாபகம் வந்தபோது, டீச்சர்கள் எதையாவது சொல்வார்கள், நம் பிள்ளைக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். டாக்டர் ஒரு வருஷம் என்று சொன்ன அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இந்த மூன்று மாதமும் ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டதையும் அவன் ஒளிக்காமல் சொன்னான்.

சிந்துவுக்குக் காது அடைத்தது. ஆடி. தீபாவளிக்கு மூன்று மாதம் முன்னால். அந்த ஒரு வார்த்தையை இவன் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தால் உஸ்மான் ரோட்டில் அவள் கத்தியிருக்க மாட்டாள், ஓடிப் பிடித்திருப்பாள். அடித்திருக்க மாட்டாள். அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நின்றாள்.

"தெரிஞ்சிருக்கு உங்களுக்கு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "புள்ள தண்ணிக்குள்ள கெடக்கிற மாதிரி கெடந்திருக்கா. உங்ககிட்ட ஒருத்தி வந்து சொல்லியிருக்கா. நீங்க நைட்டிக்கு விலை போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவன் மறுக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினான்.

"இவளுக்கு என்ன ஆனாலும் அது உங்களாலதான். பாத்துக்கிடுங்க."

அது நியாயமில்லை என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. முத்துகிருஷ்ணன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தோற்ற பையனைப்போல உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, கீழே போயிட்டு வாரேன் என்று முணுமுணுத்துவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனான்.

பெஞ்சில் தனியாக உட்கார்ந்தபோது சிந்துவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மூன்று மாதத்தில் முதல் முறையாக. தப்பை ஏற்றுக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டான், தன்னுடையதையும் சேர்த்து அவன் தலையில் ஏற்றிவிட்டாயிற்று. அந்த நிம்மதி எவ்வளவு இன்பமாக இருந்ததோ அவ்வளவு அசிங்கமாகவும் இருந்தது. கால் மணி நேரம் அதை அனுபவித்தாள். கடவுளே, என் பிள்ளை உள்ளே கிடக்கிறது, நான் இங்கே இப்படி இருக்கிறேனே என்று பிறகு தன்னையே நொந்துகொண்டாள்.

வார்டில் வேலை பார்க்கும் தேவானை துணி மூட்டையோடு படியேறி வந்தாள். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவள். காலையில் சம்முவுக்கு அங்கி மாட்டிவிட்டது அவள்தான்.

"இன்னாமா, சார் கீய கேட்டாண்ட நின்னு அயுதுகினு கீறாரு," என்றாள். "ஆம்பளைங்களுக்கு மன்சு தாங்காது போல. போய் இட்டுக்கினு வா."

சிந்து எழுந்திருக்கவில்லை. வரேன் என்று மட்டும் சொன்னாள். தேவானை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் மூட்டையோடு போய்விட்டாள். கீழே போய் அவன் கண்ணைப் பார்த்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று சிந்துவுக்குப் பயமாக இருந்தது.

பத்தே முக்காலுக்குக் கதவு திறந்தது. டாக்டர் வைதேகி முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இடது காதில்தான் நீர் மிகவும் கெட்டியாக இருந்தது, எடுத்துவிட்டோம் என்றார். இடது என்ற வார்த்தை சிந்துவைச் சுட்டது. டாக்டர் திரும்பி நடக்க ஆரம்பித்ததும் பின்னாலேயே ஓடினாள்.

"டாக்டர், அடிச்சா இப்படி ஆகுமா?"

வைதேகி நின்றார். "யார் அடிச்சாங்க?"

"நான்தான். தீபாவளிக்கு முன்னால. கன்னத்துல அடிச்சேன், காதுலயும் பட்டுடுச்சு. இடது பக்கம்."

டாக்டர் அவளை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பரிவும் இல்லை. "அதனால வந்ததில்லை. பலமா அடிச்சா ஜவ்வு கிழியலாம். இவளுக்குக் கிழியலை, நான் பார்த்தேன். இது சளியால வந்தது, அடிக்கு ரொம்ப முன்னாடியே," என்றார். "இனிமே அடிக்காதீங்க," என்று சேர்த்துக்கொண்டார். அடுத்த குழந்தை காத்துக்கொண்டிருந்தது. போய்விட்டார்.

இதைக் கேட்டால் பாரம் இறங்கிவிடும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை. அடியால் நோய் வரவில்லை, சரி. அப்படியானால் அந்த அடி எதற்கும் காரணமாகாமல், வெறும் அடியாகவே மிச்சமிருந்தது. காது கேட்காத ஒரு பிள்ளையை, காது கேட்காததற்காகவே அடித்த அடி.

சம்மு மயக்கம் தெளிந்ததும் ஊரைக் கூட்டினாள். மூக்கில் லேசாக ரத்தம், வறண்ட உதடு, கையில் ஊசி. அப்பாவைத்தான் கேட்டாள். கண் சிவந்து வந்து நின்ற முத்துகிருஷ்ணன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டான். அவன் "செல்லம், செல்லம்" என்று காதருகே முனகியதும் அவள் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்து, அவன் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு அவன் உதட்டின் மேல் விரலை வைத்தாள். மறுபடி அவன் பேசினான். அழுகை நின்றுவிட்டது. நர்ஸ் கொடுத்த ஐஸ்கிரீமைச் சாப்பிடும்போது கரண்டி கிண்ணத்தில் படும் சத்தத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கேட்டாள்.

சாயங்காலம் ஆட்டோவில் வரும்போது ஒவ்வொரு ஹாரனுக்கும் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். நந்தனம் சிக்னலில் ஆட்டோக்காரரே இன்ஜினை அணைத்துவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் மின்விசிறியைக் காட்டி அது ஏன் பேசுகிறது என்று கேட்டாள். மூன்று மாதத்துப் பழக்கத்தில் சிந்து அவள் முன்னால் மண்டிபோட்டு, பெரிய குரலில், ஃபேன் பழசாயிட்டு என்றாள். சம்மு முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா கத்துத?"

சிந்து எழுந்து ஃபேன் வேகத்தைக் குறைத்தாள்.

முத்துகிருஷ்ணன் இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. கேட்காமலே பாத்திரம் கழுவினான், துணி காயப்போட்டான், பிள்ளைக்கு மருந்து ஊற்றினான். சிந்துவிடம் பேசும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லாதபடி அவனே தன்னை வருத்திக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் உடன்குடியில் இருக்கும் அவன் அண்ணன் போன் செய்தார். அடுக்களையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த சிந்துவுக்குக் கூடத்திலிருந்து அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"இல்லண்ணே, அவ என்ன செய்வா, பாவம். ராப்பகலா அவதான் பாத்துக்கிட்டா. தப்பு முழுக்க என்னுதுதான்."

சிந்து கத்தியைக் கீழே வைத்தாள். ஈரக் கையோடு கூடத்துக்கு வந்து, அவன் பேசி முடிக்கும்வரை நின்றாள். போனை வைத்ததும், "நான் அவளை அடிச்சிருக்கேன்," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் முழுவதையும் சொன்னாள். நாலு தடவை என்றாள். உஸ்மான் ரோட்டைச் சொன்னாள், பலூனைச் சொன்னாள், எந்தக் கன்னம் என்று சொன்னாள். ஆபரேஷன் மேஜையில் பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டதைச் சொன்னாள். டாக்டரிடம் கேட்டதையும் அவர் சொன்னதையும் சொன்னாள். கடைசியாக, அன்றைக்கு நடைவழியில் அவனிடம் பேசியபோது இதெல்லாம் தன் நெஞ்சில் இருந்தது, இருந்தும் பழி முழுவதையும் அவன்மேல் போட்டுவிட்டேன், போட்டபோது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொன்னாள். அதைச் சொல்வதுதான் அடித்ததைச் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முத்துகிருஷ்ணன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். திரும்பி வந்தபோது அவன் முகம் இறுகியிருந்தது. ஆனால் இரண்டு நாளாகத் தாழ்ந்திருந்த கண்கள் நிமிர்ந்திருந்தன.

"அவகிட்ட சொன்னியா?" என்று கேட்டான்.

"யார்கிட்ட?"

"சம்முகிட்ட. தப்புன்னு."

"நாலரை வயசுப் புள்ளைகிட்ட என்னன்னு சொல்ல?"

"இப்பதான் அவளுக்குக் கேக்குதே," என்றான்.

சம்மு படுக்கையறைத் தரையில் குப்புறப் படுத்து ஒரு பிஸ்கட் உறையை நசுக்கி நசுக்கி அதன் சரசரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிந்து பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். முகத்துக்கு நேராக இல்லை, அவளைப்போலவே குப்புற, தரையைப் பார்த்தபடி. குரலை உயர்த்தாமல், உஸ்மான் ரோட்டில் அன்றைக்கு அடித்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. சம்மு எழுந்து உட்கார்ந்தாள். "நீ இப்படி வச்சிருந்த," என்று சொல்லிவிட்டு, புருவத்தை நெரித்து, கண்ணை உருட்டி, வாயை அகலத் திறந்து திறந்து மூடிக் காட்டினாள். சத்தமே இல்லை. மீன் தொட்டிக்குள் மீன் செய்வதுபோல. ஒரு முறை செய்துவிட்டு, சரியாக வரவில்லை என்பதுபோல இன்னும் கொஞ்சம் கடுமையாக்கி மறுபடி செய்தாள்.

சிந்து அதை முழுவதுமாகப் பார்த்தாள். கண்ணை எடுத்தால் அதுவும் ஒரு தப்பாகிவிடும் என்று இருந்தது. வாசலில் முத்துகிருஷ்ணன் வந்து நின்றிருந்தான். அவனும் பார்த்தான்.

"உனக்குக் கேக்கலைன்னு அம்மாவுக்குத் தெரியல. கேட்டிருந்தாலும் அடிச்சிருக்கக் கூடாது. தப்புதான் சம்மு. மன்னிச்சிரு," என்றாள். அடுத்த அறைக்குக்கூட எட்டாத அளவு மெல்லத்தான் சொன்னாள்.

சம்மு தலையைச் சாய்த்தாள். அவளுக்கு விஷயத்தைவிட, இவ்வளவு சன்னமாக ஒரு சத்தம் வந்து தன்னைத் தொட்டதுதான் அதிசயமாக இருந்தது.

"திருப்பிச் சொல்லு," என்றாள்.

சிந்து சொன்னாள்.

"இன்னும் மெதுவா."

இன்னும் மெதுவாகச் சொன்னாள். சம்மு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடி என்றாள். மறுபடி சொன்னாள். விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. ஆறோ ஏழோ தடவை ஆன பிறகு சம்மு வாசலைப் பார்த்து, அப்பா நீயும் சொல்லு என்றாள். முத்துகிருஷ்ணன் வந்து தரையில் உட்கார்ந்தான். அவன் எதற்காகச் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அவன் குரல் பாதியில் உடைந்தது. சரியாகக் கேக்கல என்று சொல்லி அவனை மட்டும் இரண்டு தடவை கூடுதலாகச் சொல்ல வைத்தாள்.

பிறகு அவளுக்கு அலுத்துவிட்டது. பசிக்குது என்றாள். சிந்து எழுந்து அடுக்களைக்குப் போய், பாதியில் விட்ட தக்காளியை நறுக்கத் தொடங்கினாள்.